கை கழுவப் போனவள்

கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே கால் வைத்ததுமே, கண்ணாடிக் குவளைகளைத் துடைத்துக்கொண்டிருந்த அந்தப் பெண் நிமிர்ந்து ஜெசிக்காவைப் பார்த்து, "வந்துவிட்டாயா? எவ்வளவு நேரம் காத்திருப்பது?" என்றாள்.

சிசிலியப் பேச்சில் சொன்னாள். பலெர்மோவுக்கு வந்து இருபது வருடமாகியும் அகஸ்ரீனாவுக்கு அந்தப் பேச்சு பாதிதான் பிடிபடும். ஆனால் இது முழுதாக விளங்கியது. வேறு யாரோ என்று நினைத்துவிட்டாள், இனிச் சிரித்து மன்னிப்புக் கேட்பாள் என்று மகளுக்குப் பின்னால் நின்றபடி காத்திருந்தாள். அந்தப் பெண் சிரிக்கத்தான் செய்தாள். மன்னிப்புக் கேட்கவில்லை. ஈரக் கையை ஏப்ரனில் துடைத்துக்கொண்டு வந்து, ஜெசிக்காவின் நாடியைக் கீழிருந்து இரண்டு விரலால் ஏந்திப் பிடித்து, முகத்தை விளக்குப் பக்கம் திருப்பிப் பார்த்தாள்.

"மெலிந்துபோய் வந்திருக்கிறாய்."

அன்று ஜெசிக்காவுக்குப் பதினெட்டு முடிந்திருந்தது. தகப்பன் பேனாட் ஒரு ஹோட்டல் சமையலறையில் வேலை செய்தான். வரும் ஞாயிறு பூசைக்குப் பிறகு வீட்டில் கேக் வெட்டலாம் என்று சொல்லிவிட்டுப் பின்னேரமே வேலைக்குப் போய்விட்டான். சின்னவள் ஸ்ரெல்லாவை, போர்கோ வெக்கியோவில் அவர்கள் இருந்த கட்டடத்திலேயே மேல்மாடியில் இருக்கும் சறோஜாவிடம் விட்டுவிட்டு, தாயும் மகளும் மட்டும் கடற்கரைப் பக்கம் நடந்து வந்தார்கள். கால்சா என்ற பழைய பகுதிக்குள் திரும்பும்போது மழை பிடித்துக்கொண்டது. ஒதுங்க இடம் தேடி ஓடிய ஒழுங்கையில் வெளிச்சம் தெரிந்த ஒரே கதவு இந்தச் சாப்பாட்டுக் கடையினுடையதுதான். கதவுக்கு மேலே பெயர்ப் பலகை இல்லை. திராட்சைக் கொடியொன்றைக் கம்பியில் சுற்றித் தொங்கவிட்டிருந்தார்கள்.

"உள்ளுக்குப் போவம் அம்மா. ஒரு நாளாவது நீங்கள் இருங்கோ, வேறை ஆக்கள் கொண்டுவந்து வைக்கட்டும்," என்று ஜெசிக்காதான் கையைப் பிடித்து இழுத்தாள்.

வீடுகளில் வேலை செய்பவள் அகஸ்ரீனா. இந்த ஊரில் எத்தனையோ மேசைகளுக்குத் துணி விரித்திருக்கிறாள், எத்தனையோ மேசைகளைத் துடைத்திருக்கிறாள். ஒன்றிலும் உட்கார்ந்து சாப்பிட்டதில்லை. அதனாலோ என்னவோ அந்தப் பெண் மகளின் நாடியைப் பிடித்தபோது ஏனென்று கேட்க அவளுக்கு வாய் வரவில்லை. ஈரக் குடையை எங்கே வைப்பது என்றுதான் தேடினாள்.

கடை ஆறேழு மேசைக்கு மேல் கொள்ளாது. கூரை வளைந்து தாழ்ந்து, கையை உயர்த்தினால் தொடலாம்போல இருந்தது. சுவர் முழுக்கப் போத்தல்கள், அவற்றின் கழுத்துகளில் மெழுகுதிரி வெளிச்சம், வறுத்த பூசணியில் ஊற்றிய வினாகிரியின் புளிப்பும் புதினாவும் கலந்த வாசம், அதற்குக் கீழே, மூக்கை எட்டியும் எட்டாமலும், நெடுநாள் மூடிக்கிடந்த கிணற்றைத் திறந்தால் வருமே அந்த ஈரக்கல் மணம். ஒரு வயதான தம்பதி, பத்திரிகை வாசித்துக்கொண்டு தனியாக ஒருவர், சுவரோரம் மூன்று சிநேகிதிகள். எல்லோரும் தலையை உயர்த்தி ஜெசிக்காவுக்குத் தலையசைத்தார்கள். வேலைக்குப் போய்விட்டு வீடு திரும்பிய பிள்ளைக்குத் தலையசைப்பது போல.

மூலை மேசையில் இரண்டு பேருக்குத் தட்டு வைத்திருந்தது.

"உங்கள் மேசை," என்றாள் அந்தப் பெண். தன் பெயர் நின்ஃபா என்றாள். அதை அகஸ்ரீனாவிடம் மட்டும்தான் சொன்னாள்.

அவள் குசினிக்குள் போகும்வரை அகஸ்ரீனா பொறுத்திருந்தாள்.

"நீ முந்தி இஞ்சை வந்தனியோ?"

"இல்லை அம்மா."

"உண்மையைச் சொல்லு பிள்ளை. ஆரும் பெடியனோடை வந்தனியோ? நான் அப்பாட்டைச் சொல்லமாட்டன்."

ஜெசிக்கா சிரித்துவிட்டாள். "சத்தியமா இல்லை. எங்கடை ஆக்கள் எல்லாரும் இவைக்கு ஒரே முகம்தானே. நீங்கள் வேலை செய்யிற வீட்டுச் சின்யோரா இப்பவும் உங்களைப் பழைய வேலைக்காரியின்ரை பேரிலைதானே கூப்பிடுறா."

அது உண்மைதான். அகஸ்ரீனாவுக்கு மனம் கொஞ்சம் இளகியது. மகளின் ஈரத் தலையைக் கைலேஞ்சியால் ஒற்றிவிட்டாள்.

சாப்பாட்டு அட்டை என்று ஒன்றும் வரவில்லை. நவம்பர் மாதம் எதைத் தருகிறதோ அதுதான் இங்கே என்று சொல்லி நின்ஃபா ஒவ்வொன்றாகக் கொண்டுவந்தாள். முதலில் சுட்ட பாண். அதன்மேல் அந்த வருடத்துப் புது ஒலிவ் எண்ணெய், பச்சையாக, தொண்டையில் மெல்லக் காறும்படி. பிறகு பூசணி. பிறகு கஷ்கொட்டை போட்ட கொண்டைக்கடலைச் சூப். சான் மார்த்தினோ திருநாள் என்பதால் அன்று திறந்த புது வைன் பீப்பாயிலிருந்து இரண்டு குவளை. மழைக்கு அது இதமாக இருந்தது. ஜெசிக்கா வகுப்புக் கதைகள் சொன்னாள்; அகஸ்ரீனா செருப்பைக் கழற்றி, களைத்த பாதங்களைத் தரையின் பூப்போட்ட ஓடுகளில் வைத்தாள்.

அப்போதுதான் அது தட்டியது.

பாதத்துக்கு நேர் கீழே. மெதுவாக. யாரோ விரல் மொளியால் கதவைத் தட்டுவது போல.

அகஸ்ரீனா காலை எடுத்தாள். தட்டை எடுக்க வந்த நின்ஃபா அதைப் பார்த்துவிட்டு, "வைன், சின்யோரா," என்றாள். "கீழே பீப்பாய்கள் இருக்கின்றன. புது வைன் அல்லவா, மூச்சு விடும்."

பிறகு பாஸ்தா வந்தது. பூக்கோவாவை மசிய வேகவைத்து, முந்திரிவத்தல் போட்டு, உப்பு நெத்தலியைக் கரைத்துக் கிளறியது. நெத்தலி மணம் மேசைக்கு வந்ததுமே ஜெசிக்காவின் முகம் சுருங்கிப் போய்விட்டது. சிறுவயதிலிருந்தே அவளுக்கு அது ஆகாது. வீட்டில் கருவாடு காய்ச்சுவதென்றால்கூட அவள் பள்ளிக்கூடம் போன பிறகுதான். வாயைப் பொத்திக்கொண்டு தட்டைத் தள்ளிவைத்தாள்.

"என் மகளுக்கு இது ஒத்துக்கொள்ளாது, சின்யோரா, மன்னியுங்கள்," என்றாள் அகஸ்ரீனா தன் இத்தாலிய மொழியில்.

நின்ஃபா தட்டை எடுக்கவில்லை. "இருக்கட்டும். கை கழுவிவிட்டு வந்து சாப்பிடுவாள்."

ஜெசிக்காவின் விரல்களில் எண்ணெய் இருந்தது உண்மைதான். "கழுவிக்கொண்டு வாறன் அம்மா," என்று எழுந்தாள். எங்கே என்று கேட்பதற்குள் நின்ஃபா சொன்னாள்: "கீழே. உனக்குத் தெரியுமே."

போத்தல் அடுக்குக்குப் பக்கத்தில் ஒரு பச்சைக் கதவு. ஜெசிக்கா திரும்பித் தாயைப் பார்த்து, பார்த்தியளோ என்பது போலக் கண்ணைச் சிமிட்டிவிட்டு அதைத் திறந்து இறங்கினாள். அவளுடைய சப்பாத்துச் சத்தம் படிப்படியாகக் கேட்டது. நின்றிருக்க வேண்டிய நேரத்தில் அது நிற்கவில்லை. இன்னும் இறங்கியது, இன்னும், மெலிந்து மெலிந்து, பலெர்மோவின் வீடுகளுக்கு அடியில் இவ்வளவு ஆழம் இருக்குமா என்று அகஸ்ரீனா நினைக்கும் அளவுக்கு. பிறகு கதவு தானாக வந்து மூடிக்கொண்டது.

பாஸ்தாவின் ஆவி அடங்கியது. மெழுகு வழிந்து மேசைத் துணியில் உறைந்தது. பத்திரிகைக்காரர் ஒரு பக்கம் திருப்பினார். வெளியே மழை விட்டுவிட்டது, பீலியிலிருந்து நீர் சொட்டும் சத்தம் மட்டும். பெண்பிள்ளைகள் கண்ணாடிக்கு முன்னால் நின்றால் நேரம் போவது தெரியாதுதான். அகஸ்ரீனா தன் வைனைக் குடித்து முடித்தாள். மகளுடைய குவளையைப் பார்த்தாள். பச்சைக் கதவைப் பார்த்தாள். நெத்தலி மணம் தலைக்கு ஏறியது.

எழும்புவோமா என்று கதிரையைப் பின்தள்ளும்போது கதவு திறந்தது.

ஜெசிக்கா வந்தாள். தலைமயிரை முழுக்க நனைத்துப் பின்னுக்கு வாரியிருந்தாள். நேரே வந்து உட்கார்ந்தாள். தள்ளிவைத்த தட்டை இழுத்தாள். சாப்பிடத் தொடங்கினாள்.

"ஜெசி. அது நெத்தலி."

அவள் சாப்பிட்டாள். பசித்த பிள்ளை சாப்பிடுவது போல அல்ல. தெரிந்த சாப்பாட்டை நிதானமாகச் சாப்பிடுவது போல. தட்டின் அடியைப் பாணால் துடைத்தாள். அந்தப் பாணையும் தின்றாள்.

"உனக்குச் சத்தி வரும் பிள்ளை. பகிடி விடாதை."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். அதே கண். அதே இமை, இடது புருவத்தில் அதே மச்சம். பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரிக்குச் சிரிப்பது போல ஒரு சிரிப்பு.

"நன்றாக இருக்கிறது, சின்யோரா," என்றாள். சிசிலியப் பேச்சில்.

அவளிடமிருந்து ஈரக்கல் மணத்தது.

அகஸ்ரீனா எழுந்தாள். கால் வெறுங்கால் என்பது அவளுக்குத் தெரியவில்லை. பச்சைக் கதவுக்கு முன்னால் நின்ஃபா நின்றாள். வழி மறித்து அல்ல, தற்செயலாக நிற்பது போல, கையில் துவாயோடு.

"கீழே போக வேண்டும், சின்யோரா. பெர்மெஸ்ஸோ, வழி விடுங்கள்."

"கீழே ஒன்றுமில்லையே."

"கழிவறை. என் மகள் போனாள்."

"எங்களிடம் அது இல்லை, சின்யோரா. எல்லோரும் எதிர்க் கடைக்குத்தான் போவார்கள்." நின்ஃபாவின் குரல் அவ்வளவு பரிவாக இருந்தது. "உங்கள் மகள் அங்கே இருக்கிறாளே. பாருங்கள், நன்றாகச் சாப்பிட்டிருக்கிறாள்."

அந்த வயதான மனிதர் கையிலிருந்த பாண் துண்டால் மூலை மேசையைக் காட்டினார். அவருடைய மனைவி தலையை ஆட்டினாள். ஒருவர் முகத்திலும் கேலி இல்லை. எல்லோரும் அவளுக்காக வருத்தப்பட்டார்கள்.

அகஸ்ரீனா கையை நீட்டிக் கதவைத் திறந்தாள். நின்ஃபா விலகிக்கொண்டாள்.

துடைப்பம். வாளி. தரை துடைக்கும் துணி. சவர்க்காரப் போத்தல்கள். ஒரு சிறிய அலுமாரி அளவு இடம், பின்னால் வெள்ளையடித்த சுவர். அவள் வாளியை இழுத்துப்போட்டாள். சுவரைத் தள்ளினாள். உள்ளங்கையால், பிறகு தோளால். சுவர் குளிர்ந்திருந்தது. கொஞ்சம் ஈரமாக.

இத்தனை வருடமும் அடுத்தவர் வீடுகளில் அவள் சத்தமாகப் பேசியதில்லை. இப்போது சத்தம் போட வேண்டும் என்று தெரிந்தது. போட்டால் என்ன சொல்வது? பொலிஸைக் கூப்பிட்டால் யாரைத் தேடச் சொல்வது? கைப்பையில் இருந்த மகளின் அடையாள அட்டையில் உள்ள முகம் அதோ, மூலை மேசையில், பல் இடுக்கை நாக்கால் துழாவிக்கொண்டிருந்தது.

மேசைக்கு வந்து போனை எடுத்தாள். பேனாட்டின் எண்ணை அழுத்தினாள். அவன் எடுத்தபோது பின்னால் சட்டிகளின் சத்தம்.

"என்னப்பா, வேலை நேரத்திலை?"

"இஞ்சை கால்சாவிலை ஒரு கடையிலை நிக்கிறம். ஜெசி கை கழுவக் கீழை போனவள். இன்னும் வரேல்லை."

"போய்ப் பாருமன்."

"போக வழியில்லை. வேறை ஒண்டு வந்திருக்குது. அவளின்ரை உடுப்போடை. அவளை மாதிரியே."

"என்ன சொல்லுறீர்? பிள்ளை எங்கை?"

பதில் சொல்வதற்குள் அவளுடைய கையிலிருந்து போன் போய்விட்டது. பிடுங்கவில்லை; நித்திரையில் இருக்கும் ஆளின் கையிலிருந்து எடுப்பது போல எடுத்தது.

"அப்பா," என்றது அது. தமிழில். கடைசி எழுத்தைச் செல்லமாக இழுக்கும் அந்த இழுப்புக்கூட மாறாமல். "ஒண்டும் இல்லை அப்பா. அம்மாக்குப் புது வைன் ஏறிட்டுது போல. நான் கூட்டிக்கொண்டு வாறன். நீங்கள் வேலையைப் பாருங்கோ."

பேனாட் சிரிப்பது போனுக்கு வெளியே கேட்டது. கவனமாக வாங்கோ என்றான். அது போனை அணைத்துத் தன் காற்சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டது.

"அதைத் தா," என்றாள் அகஸ்ரீனா.

அது தரவில்லை. மேசைமேல் கிடந்த பாண் துகள்களை ஒவ்வொன்றாக விரல்நுனியில் ஒற்றி எடுத்துத் தின்றது.

அப்போது கீழேயிருந்து தட்டல் வந்தது. முன்பு போல மெதுவாக அல்ல. உள்ளங்கையால். ஓடுகள் அதிர்ந்தன.

"அம்மா."

தூரத்தில். கல்லுக்கு அந்தப் பக்கம்.

"அம்மா, லைற்றைப் போட்டு விடுங்கோ. ஒண்டும் தெரியேல்லை."

கடையில் எல்லோருக்கும் அது கேட்டது. அவர்களின் முள்ளுக்கரண்டிகள் ஒரு கணம் நின்றதை அகஸ்ரீனா கண்டாள். பிறகு சுவரோரச் சிநேகிதிகள் விட்ட இடத்திலிருந்து பேசத் தொடங்கினார்கள், முன்பைவிடக் கொஞ்சம் சத்தமாக. கிழவர் தொண்டையைச் செருமினார். பத்திரிகைக்காரர் தன் கதிரையை அரையடி நகர்த்தி, தட்டல் வந்த ஓட்டின்மேல் அதன் காலை வைத்து, மீண்டும் வாசிக்கத் தொடங்கினார்.

அகஸ்ரீனா தரையில் விழுந்தாள். இரண்டு கையையும் விரித்து ஓட்டில் வைத்தாள். கன்னத்தை வைத்தாள்.

"இஞ்சை நிக்கிறன் பிள்ளை. அம்மா இஞ்சைதான்."

அவளுடைய வலது உள்ளங்கைக்கு நேர் கீழே தட்டியது. கையை நகர்த்தினாள். அதுவும் நகர்ந்து வந்து தட்டியது.

நகத்தால் ஓட்டு இடுக்கைக் கிளறினாள். நகம் பிய்ந்தது. மேசையிலிருந்து கத்தியை இழுத்தெடுத்துக் கிளறினாள். சுண்ணாம்பு மணலாகக்கூட உதிரவில்லை. நின்ஃபா குனிந்து, கத்தியை வாங்கி, ஏப்ரனில் துடைத்து மேசைமேல் வைத்தாள். "காயப்படுத்திக்கொள்ளாதீர்கள்," என்றாள். "எல்லாத் தாய்மாருக்கும் முதல் நாள் இப்படித்தான்."

கதிரை நகரும் சத்தம். அது எழுந்து நின்றது. ஜெசிக்காவின் மேலங்கியைப் போட்டு, பொத்தான்களைக் கீழிருந்து மேலாகப் பூட்டியது. கழுத்துவரை பூட்டிய பிறகுதான் அகஸ்ரீனாவிடம் முதல் தடவையாகத் தமிழில் பேசியது.

"நீங்கள் இருங்கோ. நான் போறன். ஸ்ரெல்லா பாத்துக்கொண்டிருப்பாள்."

ஸ்ரெல்லா. ஆறு வயது. அக்கா வரும்வரை நித்திரை கொள்ளாத பிள்ளை. அக்கா கூப்பிட்டால் யாரையும் கேளாமல் எழும்பி ஓடி வரும் பிள்ளை.

"அவளிட்டைப் போகாதை," என்றாள் அகஸ்ரீனா. மறுபடி சொன்னாள். "உனக்கு என்ன வேணும், என்னைக் கொண்டு போ. என்னைக் கீழை விடு. அவளிட்டைப் போகாதை."

அது அவளைத் தாண்டிப் போனது. பாவாடை விளிம்பில்கூடப் படாமல், நாசூக்காக.

அகஸ்ரீனா முழங்காலில் எழுந்தாள். எழுந்து ஓடினாள். கதவருகில் அதன் கையைப் பிடித்தாள். பிடித்த கை வழுக்கியது. உள்ளே எலும்பு இருக்க வேண்டிய இடத்தில் ஈரமும் குளிரும்தான் இருந்தது. அது தன் கையை மெல்ல உருவிக்கொண்டு வெளியே இறங்கியது.

ஒழுங்கை வெறிச்சோடிக் கிடந்தது. நனைந்த கற்களின்மேல் தெருவிளக்கின் செம்மஞ்சள். அது ஜெசிக்காவின் நடையில், ஜெசிக்காவின் தோள் அசைவோடு, துறைமுகப் பக்கம் போர்கோ வெக்கியோவுக்குப் போகும் வழியில் சரியாகத் திரும்பி நடந்தது. அகஸ்ரீனாவின் போன் அதன் காதில் இருந்தது.

"சறோஜா அன்ரி, ஸ்ரெல்லாவுக்குச் சப்பாத்தைப் போட்டு விடுங்கோ. நான் கிட்டத்திலைதான். இல்லை, அம்மா வரேல்லை. நான் மட்டும்தான் வாறன்."

அகஸ்ரீனா ஒரு காலைத் தெருவில் வைத்தாள்.

"அம்மா," என்றது கீழே. தட்டல் நின்றிருந்தது. குரல் மட்டும், இப்போது இன்னும் ஆழத்தில். "நீங்கள் போட்டியளோ?"

அவள் அசையவில்லை. வலது கால் நனைந்த கல்லில். இடது கால் உள்ளே, ஓட்டின்மேல்.

"உள்ளே நில்லுங்கள், அல்லது வெளியே போங்கள், சின்யோரா," என்றாள் நின்ஃபா பரிவாக. "குளிர் உள்ளே வருகிறது."

தெரு முனையில் மேலங்கி சிறுத்துக்கொண்டே போனது. பாதத்தின் கீழ் அந்தக் குரல் மறுபடியும் கேட்டது. பின்னால் யாரோ கதவைச் சாத்தத் தொடங்கினார்கள். மெதுவாக, அவசரமில்லாமல், கதவு வந்து அவளுடைய தோளில் சாய்ந்தது.